மனுக் கொடுத்தால் போதுமா?



சென்ற திங்கள் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து நாம் பங்கு மனைக்குத் திரும்பியபொழுது, தாய் ஒருவர் திண்ணையில் காத்திருந்தார். அமெரிக்காவில் கணினிப் பொறியாளராய்ப் பணிபுரியும் தம் மகனுக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கையில், அவர் மகிழ்ச்சி பொங்கச் சொன்னார்: “பன்னிரண்டு வருசமா வரிசையில நின்னான், சாமி. இப்பத்தான் கடைசி மனுக் கொடுக்கத் தேதி வந்திருக்கு. மனுவைக் கொடுத்துட்டா அப்புறம் பயமில்லை. தை மாசம் தங்கச்சி கல்யாணம். வந்துதான் ஆகணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்.”

நாம் எழுதுகோலைக் கீழே வைத்தோம். கடல் கடந்த பிள்ளைகளின் நிலையை அறியாமல் நாமே ஒரு முறை வாய் திறந்து, பின்னர் வருந்தியதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் பணியாற்றியபொழுது பெரியவர் ஒருவர் இறந்தார். அமெரிக்காவிலிருந்த ஒரே மகன் அடக்கத்துக்கு வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் வரவில்லை. ஊர் பேசிற்று. ஊரோடு சேர்ந்து நாமும் பேசினோம். தொலைபேசியில் அவரை அழைத்து, “தகப்பனைவிட டாலர் பெரிதாய்ப் போயிற்றா, தம்பி?” என்று கேட்டுவிட்டோம். மறுமுனையில் மௌனந்தான். ஈராண்டு கழித்து அவர் ஊர் வந்தார். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நேரே நம்மிடம் வந்து, சினம் சிறிதுமின்றி, தம் பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாய் மேசைமேல் வைத்து விளக்கினார். அன்று அவர் விமானம் ஏறியிருந்தால், நிரந்தரமாய்த் தங்கும் உரிமை கோரிய அவருடைய மனு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டிருக்கும். அதனைச் சார்ந்து நின்ற மனைவியின் மனுவும் பிள்ளையின் மனுவும் உடன் வீழ்ந்திருக்கும். திரும்பி நுழைவதற்கு விசாவும் அவரிடம் இல்லை. நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று அவரிடம் கற்றதையும், அதன்பின் கேட்டறிந்ததையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அந்த வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்பதை முதலில் காண்போம். 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வேலையை முன்னிட்டு நிரந்தரமாய்த் தங்கும் உரிமை, அதாவது நம் வீடுகளில் ‘கிரீன் கார்டு’ என வழங்குவது, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கே கிட்டும். மனைவி மக்களும் இந்த எண்ணிக்கையில் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் பொதுவாக 100க்கு 7 பங்குக்கு மேல் இல்லை. மிகச் சிறிய நாட்டுக்கும் அதே 7; நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய நம் நாட்டுக்கும் அதே 7. வேலை தருபவர் தொழில் துறையில் முதல் விண்ணப்பத்தைப் பதிந்த நாளே பெரும்பாலோர்க்கு வரிசைத் தேதி. அமெரிக்க வெளியுறவுத் துறை திங்கள்தோறும் வெளியிடும் அறிக்கையில் அத்தேதி வரும்வரை, ஐ-485 என்னும் கடைசி மனுவைக் கொடுக்கவே இயலாது. இந்தியாவில் பிறந்தோர் பலர் அந்நாளை எதிர்நோக்கிப் பத்தாண்டுக்கும் மேலாக நிற்கின்றனர். முன்னேறிய தேதி திடீரெனப் பின்னோக்கிப் போவதும் உண்டு.

இந்த ஆண்டுகளில் அவர்களை அந்நாட்டில் தாங்கி நிற்பது எது? வரிசையில் இடம் பிடித்துவிட்டோம் என்பது மட்டும் ஒருவரைத் தாங்காது. எச்-1பி என்னும் தற்காலிக வேலைத் தகுதியே அவர்களைத் தாங்குகிறது. அது முதலில் 3 ஆண்டு. மொத்தம் 6 ஆண்டு. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, நிரந்தர உரிமைக்கான முயற்சியை முறைப்படி தொடங்கிக் காத்திருப்போர், 6 ஆண்டுக்குப் பின்னும் ஓராண்டாகவோ 3 ஆண்டாகவோ நீட்டித்துக்கொள்ள வழி செய்தது. ஆயினும் அது தானாக நீளுவதில்லை; ஒவ்வொரு முறையும் வேலை தருபவர் உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காலத்தில் விண்ணப்பித்திருந்தால், முடிவு வருமுன் பழைய கெடு கடந்தாலும், அதே முதலாளியிடம் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். கெடு தாண்டியபின் விண்ணப்பித்தால் இந்தச் சலுகை இல்லை.

நம் வீடுகளில் மூன்று தாள்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, அந்நாட்டு வாயிலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதற்கான சீட்டு. உள்ளே எந்நாள் வரை தங்கலாம் என்பதை உரைப்பது ஐ-94 என்னும் பதிவு. மூன்றாவது, நிரந்தர உரிமை கோரும் மனு. விசா இன்னும் ஓராண்டு செல்லும் என்று எண்ணியிருப்பவருடைய ஐ-94 நாளையே முடியக்கூடும். பாஸ்போர்ட் விரைவில் காலாவதியாகுமானால், அந்நாள் வரையே ஐ-94இல் நாள் குறித்துவிடுவதுண்டு. ஆதலின், ஊர் வந்து திரும்பும் பிள்ளை பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு போவதும், இறங்கியவுடன் ஐ-94இல் உள்ள நாளைப் பார்ப்பதும் சிறு காரியங்களல்ல.

இனி, கடைசி மனுவைக் கொடுத்தபின் நிலை என்ன? அந்தத் தாய் எண்ணியதில் ஒரு பாதி மெய். மனு நிலுவையில் இருக்கும்வரை அந்நாட்டில் தங்கலாம். தனியே விண்ணப்பித்து, வேலை அனுமதி அட்டையும், ‘அட்வான்ஸ் பரோல்’ எனப்படும் பயண அனுமதியும் பெறலாம். மனு 180 நாள் நிலுவையில் இருந்தபின், அதே வகையான வேலையில் வேறு முதலாளியிடம் சேரவும் வழியுண்டு. ஆனால் இவை யாவும் பந்தலின் நிழல் போன்றவை. மனு மறுக்கப்பட்டால் பந்தல் பிரிக்கப்படும். நிழலும் அதனோடு போய்விடும். எச்-1பி தகுதியோ வாடகை வீடாயினும் தனிக் கூரையுடைய வீடு. மனு தோற்றாலும், அத்தகுதி முடியும் நாள் வரை வேலை செய்துகொண்டே மேற்கொண்டு வழி தேடலாம். இதனாலேயே, அறிந்த வழக்கறிஞர்கள் மனுவைக் கொடுத்தபின்னும் இயன்றவரை எச்-1பியைக் கைவிடாதிருக்கச் சொல்கின்றனர்.

நாம் கடிந்துகொண்ட அந்த மகன் இந்த இடத்திலேதான் சறுக்கினார். வேலை அனுமதி அட்டை வந்ததும், கூடுதல் ஊதியம் தந்த வேறொரு நிறுவனத்தில் அந்த அட்டையைக் காட்டிச் சேர்ந்தார், எச்-1பி அகன்றது. பயண அனுமதியோ வந்து சேரவில்லை. அந்நிலையில் தகப்பனார் மறைந்தார். பந்தலின் நிழலைவிட்டு வெளியே கால் வைக்க அவருக்கு வழியில்லாமற் போயிற்று.

அந்த அட்டையிலும் இப்பொழுது ஒரு மாற்றம் உண்டு. முன்னர், புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், பழைய அட்டை காலாவதியானபின்னும் 540 நாள் வரை அதன் பயன் தானாக நீண்டது. 2025 அக்டோபர் 30ஆம் நாள் முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர்க்கு அச்சலுகை நீக்கப்பட்டது. புதிய அட்டை வரத் தாமதமானால் வேலையை நிறுத்தவேண்டியதே. எச்-1பியையும் காத்து வைத்திருப்பவர்க்கு இந்த இடர் இல்லை.

பயணத்தைப் பற்றியே நம் குடும்பங்கள் முக்கியமாய் அறிய வேண்டும். மனு நிலுவையிலிருக்க நாட்டைவிட்டுச் சென்று திரும்ப இரு வழிகளே பெரும்பாலும் உள. ஒன்று, எச்-1பி தகுதியும் செல்லுபடியாகும் விசாவும் கொண்டு, அதே வேலைக்குத் திரும்புதல். மற்றொன்று, புறப்படுமுன்பே பயண அனுமதியைக் கையில் பெற்றிருத்தல். இரண்டும் இன்றிப் புறப்பட்டால் மனு வீழ்ந்தது. நெருங்கியவர் மரணப் படுக்கையில் இருக்கையில் அவசரப் பயண அனுமதி கேட்கும் வழியும் உண்டு. அதற்குச் சான்று வேண்டும். கிடைத்தே தீரும் என்னும் உறுதியும் இல்லை.

விசா முடிந்திருந்து, சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிது பெற்றுத் திரும்பலாம் என்று வருவோரின் பாடு இன்னும் கடினம். 2025 செப்டம்பர் 19ஆம் நாள், எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்னும் அறிவிப்பு வெளியாயிற்று. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தோர் பலர் பையும் பெட்டியுமாய் விமான நிலையத்துக்கு ஓடினர். புதிய விண்ணப்பங்களுக்கே அக்கட்டணம் என்னும் விளக்கம் மறுநாள்தான் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், விண்ணப்பிப்போரின் சமூக ஊடகப் பதிவுகளையும் ஆராயும் புதிய முறையால், இந்தியாவில் நேர்காணல் நாள்கள் பல திங்கள் தள்ளிப்போயின. கிறிஸ்மசுக்கென வந்து, திரும்ப இயலாமல் தங்கியோர் உளர்.

வேலை போனால் என்ன ஆகும்? 2017 முதல் உள்ள விதியின்படி, எச்-1பி உடையவர்க்கு 60 நாள் வரை அவகாசம். ஐ-94 அதற்குமுன் முடிந்தால் அந்நாள் வரையே. அதற்குள் வேறு முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். அன்றேல் வேறு தகுதிக்கு மாறவோ நாடு திரும்பவோ வேண்டும். “பார்த்துக்கொள்ளலாம்” என்றிருப்பது பெருங்கேடு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறுபவர்க்கு 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர்க்கு 10 ஆண்டும் கதவு அடைக்கப்படும். வீடு மாறினால் 10 நாளுக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், மறுமொழி இல்லாமையால் தள்ளுபடியாகும் மனுக்களும் உண்டு. பெற்றோரைச் சார்ந்து நிற்கும் பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால், அவன் வரிசையிலிருந்து விலக நேரும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் வயதுக் கணக்கில் சிறிது சலுகை தருகிறது. அது எல்லாப் பிள்ளைகளையும் காப்பதில்லை. அப்பிள்ளை மாணவர் விசா போன்ற தனித் தகுதியைக் காலத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுவது உங்களை அச்சுறுத்துவதற்கன்று. வீட்டிலிருந்தபடியே நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதலாவது, “எப்பொழுது வருகிறாய்?” என்று கேட்குமுன், “இப்பொழுது வரலாமா?” என்று கேளுங்கள். பயணச் சீட்டு வாங்குமுன் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். முகவர் சொன்னார், நண்பர் சொன்னார் என்பவற்றை நம்பவேண்டா.

இரண்டாவது, தாள்களைச் சீர்படுத்துங்கள். அரசுப் பிறப்புச் சான்றிதழ் முதன்மையானது. அது இல்லாதபொழுது, பதிவு இல்லை என்னும் அரசுச் சான்றோடு, பிறந்த அண்மையில் பெற்ற திருமுழுக்கின் சான்று துணையாகலாம். பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் ஒட்டிய வேறொரு பெயர் என்று நம்மிடையே பலர்க்கு உண்டு. “ஓர் எழுத்தை மாற்றித் தாருங்கள், சாமி” என்று நம்மைக் கேளாதீர்கள். பதிவேட்டில் உள்ளதையே நாம் தரமுடியும். இன்று மாற்றிய ஓர் எழுத்து, நாளை உங்கள் பிள்ளையின் உண்மையையே ஐயத்துக்கு உள்ளாக்கும். பெயர் வேறுபாட்டை உறுதிமொழிப் பத்திரத்தால் நேரே விளக்குவதே நன்று.

மூன்றாவது, முதியோர் நோயுற்றால் மருத்துவர் கடிதத்தையும், இறப்பு நேர்ந்தால் அதற்குரிய சான்றையும் தாமதமின்றி அனுப்புங்கள். அவசர அனுமதி கேட்கும் பிள்ளைக்கு அத்தாளே கைக்கோல்.

நான்காவது, வராத பிள்ளையைப் பற்றி ஊர் பேசும்பொழுது நாமும் சேர்ந்து பேசாதிருப்போம். இதனை உங்களுக்குச் சொல்லும் தகுதி நமக்குக் குறைவுதான். குறைவு என்பதனாலேயே சொல்கிறோம். தகப்பனின் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்க இயலாமல் அயல்நாட்டு அறையில் தனித்து அழுதவரிடம், டாலர் பெரிதா என்று கேட்ட குரல் நமது.

அந்தத் தாயிடம் இவற்றுள் சிலவற்றையே அன்று சொன்னோம். சான்றிதழை வாங்கி முந்தானையில் பத்திரப்படுத்திக்கொண்டு, சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப அவன் முதல்ல வக்கீலைக் கேட்கட்டும், சாமி. வர முடியாதுன்னா நானே அவன் தங்கச்சிகிட்டச் சொல்லிக்கிறேன். ஏன் வரலைன்னு அவனை யாரும் கேட்கக் கூடாது” என்றார்.

அன்று மாலையே மகனோடு பேசியதாகவும், விசா இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துச் சொல்வதாய் அவர் கூறியதாகவும், அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் நம்மிடம் தெரிவித்தார். தை மாதத்தில் அவர் வரக்கூடும், வராமலும் போகலாம். வராவிடினும் அந்த வீட்டில் அவரைக் குறைகூற ஒருவரும் இரார்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.