பழைய ஆட்டமா, புதிய ஆட்டமா?

சதுரங்கத்தில் குதிரை எப்படிப் பாயும் என்பது பற்றி ஆடுகிற இருவருக்கும் சண்டை வருவதில்லை. விதி ஒன்றே, அது இருவருக்கும் தெரியும். ஆனால் பல நாடுகளில் ஆடப்படும் ஒரு மேசை ஆட்டத்தில், எந்த ஆண்டின் விதிநூலை வைத்து ஆடுவது என்பதே முதல் வழக்காக இருக்கிறது. "பழைய முறையில்தான் மூளைக்கு வேலை, புதியது வெறும் கணக்கு" என்கிறார் ஒருவர். "பழையது ஒரே குழப்பம், புதியதே நியாயமானது" என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி?

இயற்பியல் கற்பிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 'பழையதா, புதியதா?' என்னும் கேள்வியை எப்படிப் பகுத்துப் பார்ப்பது என்பது அறிவியல் கற்கும் எவருக்கும் வேண்டிய பயிற்சியன்றோ?

ஆட்டம் எப்படி நடக்கிறது?

அந்த ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக வெளியிட்டார்கள். நான்கைந்து நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, இப்படி. "இருண்ட நிலவறை. எதிரே ஒரு கதவு. என்ன செய்கிறீர்கள்?" என்று நடுவர் கேட்பார். ஒவ்வொருவரும் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார். முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பகடை உருளும். 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் இதில் பயன்படுகின்றன. வடிவக் கணிதத்தில் வரும் ஐந்து ஒழுங்குத் திண்மங்கள் இவையே.

1989-இல் இரண்டாம் பதிப்பு, 2000-இல் மூன்றாவது, 2008-இல் நான்காவது, 2014-இல் ஐந்தாவது என்று விதிநூல்கள் வந்துகொண்டே இருந்தன. 2024-இல் ஐந்தாவது பதிப்பே திருத்தி வெளியிடப்பட்டது. ஆனால் ஆடுபவர்கள் எல்லாரும் புதிய நூலைப் பின்தொடரவில்லை. நான்காம் பதிப்பை விரும்பாத பலர், மூன்றாம் பதிப்பின் விதிகளை வளர்த்தெடுத்து 2009-இல் வெளிவந்த 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்துக்குப் போனார்கள். இன்னும் சிலர் பின்னோக்கியே நடந்தார்கள். 1970-களின் விதிகளைப் புதிய நூல்களாகத் திரும்ப எழுதினார்கள். 2006-இல் வந்த 'ஆஸ்ரிக்' அத்தகையது. ஆகவே இங்கே 'பழையது' என்பது பரணில் கிடக்கும் நூலன்று. இன்றும் அச்சாகும் நூல்.

அறிவியலில் பழைய கொள்கைக்கும் புதிய கொள்கைக்கும் வழக்கு வந்தால், தீர்ப்புச் சொல்ல இயற்கை இருக்கிறது. சோதனை செய்து பார்க்கலாம். ஆட்ட விதிக்கு அப்படி ஒரு நீதிபதி இல்லை. எதற்காக ஆடுகிறோமோ அந்த நோக்கமே அளவுகோல். எனவே 'எது சரி?' என்று கேட்பதைவிட, 'என்ன மாறியது?' என்று கேட்பதே பயன் தரும். மாறியவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

குறியீடு மட்டும் மாறியவை

இரண்டாம் பதிப்பில் கவசம் வலுவானால் கவச எண் குறையும். கவசமே இல்லாதவருக்கு 10. சங்கிலிக் கவசம் அணிந்தவருக்கு 5. தொடக்கநிலை வீரரிடம் 20 என்ற தாக்குதல் எண் இருக்கும். அதிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் 15. இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். கழித்தலைக் கண்டு அஞ்சியவர்கள் இந்த முறையை மிகவும் பழித்தார்கள். மூன்றாம் பதிப்பில் கவசம் வலுவானால் எண் கூடும் என்று மாற்றினார்கள். சங்கிலிக் கவசத்துக்கு 15. தாக்குபவருக்குக் கூடுதல் எண் ஏதும் இல்லையென்றால், அவர் பகடையில் 15 போட வேண்டும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் 20 முகங்களில் 6 முகங்கள் வெற்றி தருகின்றன. நிகழ்தகவு 30 விழுக்காடு. எதுவும் மாறவில்லை! மின்னோட்டத்தின் திசையை நாம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு என்று குறிக்கிறோம். கம்பியில் எலக்ட்ரான்களோ எதிர்த்திசையில் செல்கின்றன. அதனால் விளக்கு மங்கிவிடுகிறதா? குறியீடு வேறு, நிகழ்வு வேறு. இந்த வகை மாற்றத்துக்காக நண்பர்கள் பிரிவது வீண். எது எளிதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே புதியதே எளிது என்பது என் கருத்து.

வாய்ப்பு மாறியவை

இரண்டாம் வகை அப்படிப்பட்டதன்று. 1974-ஆம் ஆண்டு விதிப்படி, புதிய மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி சாதாரண ஆறுமுகப் பகடையை ஒரு முறை உருட்டி வருவது. வாளடியின் வலிமையும் அதே பகடையின் ஓர் உருட்டல்தான். அடி, உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் பாத்திரம் இறந்துவிடும். இரண்டு பகடைக்கும் சேர்த்து 36 விளைவுகள். அவற்றில் 21 விளைவுகளில் மரணம். அதாவது, ஒரே அடியில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 58 விழுக்காடு.

2014-ஆம் ஆண்டு விதிப்படி, உயிர்ப்புள்ளி தீர்ந்தால் பாத்திரம் பொதுவாக மயங்கி விழும், உடனே இறப்பதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10-உம் அதற்கு மேலும் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்வி முதலில் வந்தால் மரணம். ஒவ்வோர் உருட்டலிலும் வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு. 1, 20 ஆகிய எண்களுக்குரிய தனிவிதிகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், யாரும் உதவாவிட்டாலும் விழுந்தவர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு. தோழர் ஒருவர் ஓடிவந்து உதவினால் இன்னும் மிகுதி.

இந்த எண்கள் ஆடுபவரின் நடத்தையையே மாற்றுகின்றன. பழைய விதியில் சண்டையிடுவது மடமை. எனவே ஆடுபவர்கள் ஒளிவார்கள், பேரம் பேசுவார்கள், வேறு வழி தேடுவார்கள். புதிய விதியில் பாத்திரம் நெடுநாள் வாழும் என்று நம்பலாம். எனவே அதற்கு ஊர், உறவு, இலட்சியம் என்று ஒரு கதையை வளர்ப்பார்கள். இவற்றில் எது சிறந்தது என்று கணிதம் சொல்லாது. ஆனால் எதைத் தேர்ந்தால் எது கிடைக்கும் என்று சொல்லும். கணக்கிட்டுப் பார்க்காமல் வாதிடுபவர்கள் தம் ஆசையைத்தான் பேசுகிறார்கள்.

முடிவு செய்பவர் மாறியவை

மூன்றாம் வகையில்தான் உண்மையான வழக்கு இருக்கிறது. நிலவறைக் கூடத்தில் ஒரு பொறி மறைந்திருக்கிறது. பழைய முறையில் ஆடுபவர், "நீண்ட கழியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன். ஓசை மாறுகிறதா?" என்று கேட்பார். நடுவர் யோசித்துப் பதில் சொல்வார். புதிய முறையில் அவர், "தேடுகிறேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டி, தம் தாளில் குறித்துள்ள திறன் எண்ணைக் கூட்டுவார். நடுவர் வைத்த இலக்கை எட்டினால் பொறி தென்படும்.

இதைப் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான சண்டை என்று சொல்வதுகூட முழு உண்மையாகாது. முதல் நூல் வந்த மறு ஆண்டிலேயே, 1975-இல், 'திருடர்' என்னும் பாத்திரத்தைச் சேர்த்து, பூட்டுத் திறக்கவும் பொறியை அகற்றவும் விழுக்காட்டு வாய்ப்புகளை வகுத்துவிட்டார்கள். இன்னும் பின்னே போனால், பிரஷிய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி 1824-இல் வகுத்த போர்ப்பயிற்சி ஆட்டம் அட்டவணைகளாலும் பகடையாலும் நடந்தது. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று எழுதினார். அங்கே விதி மிகுந்தது பழையது. விதி குறைந்தது புதியது! ஆகவே ஆண்டை வைத்து எதையும் அளக்க முடியாது.

சரி, எந்த முறை நல்லது? கழியால் தரையைத் தட்டும் மாணவர் நிலைமையைக் கவனிக்கிறார், கேள்வி கேட்கிறார், கருதுகோள் அமைத்துச் சோதிக்கிறார். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எதிர்பார்ப்பதும் இதுவே. செய்முறைத் தாளில் உள்ள வரிகளை மட்டும் பின்பற்றி விடையை எட்டுபவர், கருவி என்ன சொல்கிறது என்று பார்ப்பதே இல்லை. இந்தக் காரணத்தால் என் மனம் பழைய முறைப் பக்கம் சாய்கிறது.

ஆனால் மேசையின் மறுகோடியில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பேச்சு வராது. பழைய முறையில், நன்றாகப் பேசுபவர் எல்லாக் கதவையும் திறந்துவிடுவார். நடுவரின் நண்பர் சொல்வது எளிதில் பலிக்கும். கூச்சமுள்ளவர் நாவன்மைமிக்க தூதராக வேடமேற்றால், அவருடைய தூது தோற்றுக்கொண்டே இருக்கும். தாளில் எழுதிய எண்ணும் பகடையும் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. பகடை முகம் பார்த்து விழுவதில்லை. புதிய முறையை 'சோம்பேறிகளின் ஆட்டம்' என்று இகழ்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: நடுவர் தம் தீர்ப்புக்கு எல்லாரும் கேட்கும்படி காரணம் சொல்ல முடிகிற இடத்தில் விதி வேண்டாம்; சொல்ல முடியாத இடத்தில் விதி வேண்டும். "கழி பட்டதும் கல் அசைந்தது, ஆகவே பொறி தெரிந்தது" என்பது காரணம். அங்கே பகடை எதற்கு? "உன் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே அரசர் மறுத்துவிட்டார்" என்பது காரணமாகாது. அங்கே பகடை உருளட்டும். உருளுமுன் இலக்கு எண்ணை நடுவர் அறிவித்துவிடட்டும். இந்த ஏற்பாட்டை எந்த ஆண்டின் நூலோடும் சேர்த்து ஆடலாம்.

மாணவ நண்பர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருபது முகப் பகடை இல்லாவிட்டாலும் குற்றமில்லை; 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுத்து, பார்த்தபின் மறுபடி உள்ளே போட்டால் போதும். பூட்டிய அறை ஒன்றைக் கற்பனை செய்து, ஒரே காட்சியை இரண்டு முறை ஆடுங்கள்: முதலில் வெறும் கேள்வி பதிலால், பிறகு வெறும் சீட்டால். ஒவ்வொரு முறையும் யார் எத்தனை தடவை பேசினார், எத்தனை கேள்விகள் எழுந்தன, எந்தத் தீர்ப்புக்குக் காரணம் கூறப்பட்டது என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், எந்த விதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கூடிப் பேசுங்கள். அந்தப் பேச்சில், இதுவரை வாய் திறக்காதவரை முதலில் பேச விடுங்கள்.