சுரங்கத்தில் படித்த சரித்திரம்

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் கிடைத்தால் பத்திரிகை வாசிப்பது எமது பழக்கம். அதனால்தானோ என்னவோ கார்ட்டர் வூட்சனின் கதை எமக்குப் பிடித்துப்போனது.

அமெரிக்காவில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்தவர் அவர். மேற்கு வேர்ஜினியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. எழுத்தறியாத கறுப்பினத் தோழர்களுக்கு ஓய்வு நேரத்தில் பத்திரிகை வாசித்துக் காட்டுவார். அவர்களில் உள்நாட்டுப் போரில் நின்றவர்களும் இருந்தார்கள். தாம் கண்டவற்றை அவருக்குச் சொன்னார்கள். இருபது வயதில்தான் உயர்பள்ளி. 1912இல் ஹார்வார்டில் கலாநிதிப் பட்டம்! (நாமோ பள்ளிக்கூடத்தோடு நின்றவர்கள்.) 1926 பெப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். 1976இல் அது மாதமாயிற்று.

வாரமோ மாதமோ, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? அதில்தான் சண்டை. பிலடெல்பியா 2005இல் இவ்வரலாற்றை உயர்பள்ளிகளில் கட்டாய பாடமாக்கியது. புளோரிடாவிலோ 1994 முதலே கற்பிக்கச் சட்டம் உண்டு. ஆனால் அதே மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், அடிமைகள் கற்ற தொழில்கள் சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டன என்று கற்பிக்கச் சொன்னது. சவுக்கின் கீழ் பழகிய தச்சுவேலையும் கொல்லவேலையும் ஒரு இலாபமாம்! பிள்ளையை ஏலத்தில் பறிகொடுத்த தாயின் கணக்கு எங்கே?

அந்த ஆண்டே புளோரிடாவின் கறுப்பினத் தேவாலயங்கள் பல, இந்த வரலாற்றைத் தாமே கற்பிக்க முன்வந்தன. வார இறுதியில் தமிழ்ப் பாடசாலை நடத்தும் எம்மவருக்கு அது எவ்வளவு வேலை என்று தெரியும்.