ஆளைச் சரிபாருங்கள், அனுமதி கேட்காதீர்கள்

அரசு ஊழியரான கணவரைப் பிரிந்த ஒரு பெண், ஜீவனாம்ச வழக்குக்காக அவருடைய சம்பள விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கிறார். திருமணப் பதிவுச் சான்று, ஆதார் நகல், வழக்கு எண் எல்லாம் இணைத்திருக்கிறார். பொதுத் தகவல் அலுவலர் உடனே 11ஆவது பிரிவை எடுக்கிறார். 5 நாளுக்குள் கணவருக்குக் கடிதம் போகிறது. ஆட்சேபம் இருந்தால் 10 நாளில் சொல்லலாம். இல்லாமலா இருக்கும்? ‘மூன்றாம் நபர் தகவல், வழங்க இயலாது’ என்று மனுதாரருக்கு ஒரு வரியில் பதில் வருகிறது.

கேட்பவர் யார் என்று பார்ப்பது அலுவலகத்தின் கடமை. மனைவி என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஆனால், அவர்தான் இவர் என்று தெரிந்த பிறகும் எதிர்த்தரப்பின் சம்மதத்துக்காகக் காக்கவைப்பது அநியாயம்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு ஊழியரின் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு. கணவரின் சம்பளத்தை அறிய மனைவிக்கு உரிமை உண்டு என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2018இலும் நமது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இலும் சொல்லிவிட்டன. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. அதில் ஒருவர் வருமானத்தைக் குறைத்து எழுதினால், பொய் என்று காட்ட இன்னொருவரிடம் என்ன இருக்கிறது?

போதாக்குறைக்கு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு மிச்சமிருக்கிறது. ஒரு பெண்ணின் ஜீவனாம்சத்தைப் பொதுநலன் என்று கோப்பில் எழுத எந்த அலுவலர் துணிவார்?

முகவரி விஷயம் வேறு. ஹூப்பள்ளியைச் சேர்ந்த ஒரு பெண், ஜீவனாம்சத் தீர்ப்பு வாங்கியும் கணவர் இருக்குமிடம் தெரியாமல் ஆதார் ஆணையத்தை அணுகினார். மனைவி என்பதற்காக விவரம் தர முடியாது, ஆதார் வைத்திருப்பவரின் தரப்பையும் கேட்டு உயர் நீதிமன்றமே முடிவெடுக்க வேண்டும் என்றது கர்நாடக உயர் நீதிமன்ற அமர்வு, 2023இல். தலைமறைவானவரை எங்கே போய்க் கேட்பது? ஆனாலும் முகவரியை நேரடியாகக் கையில் தருவதை நாமும் ஏற்கவில்லை. அடி உதைக்குப் பயந்து ஊர் மாறிய மனைவியைத் தேடும் கணவரும் இதே திருமணச் சான்றோடுதான் வருவார். சம்பளத் தொகையைக் கேட்டவருக்குச் சொல்லலாம்; முகவரி நீதிபதிக்கு மட்டும் போகட்டும்.

ஆளைச் சரிபார்த்தால் போதும், சம்மதம் வேண்டாம் என்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் 10 ஆண்டு நீடித்த மணவாழ்வு முறிந்து, மறுமணம் செய்யாமல் இருப்பவர், 62 வயதில் முன்னாள் துணையின் பணிக்கணக்கை வைத்துச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் கோரலாம். அடையாளமும் திருமண, விவாகரத்து ஆவணங்களும் கேட்பார்கள். முன்னாள் துணையின் சம்மதம் தேவையில்லை.

ஆதார் சட்டத்தின் 33ஆவது பிரிவில் 2019 வரை மாவட்ட நீதிபதிக்கு இருந்த, விவரத்தைத் தர உத்தரவிடும் அதிகாரத்தை நாடாளுமன்றம் திரும்பக் கொடுத்து, குடும்ப நல நீதிமன்றங்களையும் அதில் சேர்க்க வேண்டும். தமிழக அரசு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. திருமணச் சான்றும் வழக்கு எண்ணும் காட்டுபவருக்குச் சம்பள, ஓய்வூதிய விவரத்தைத் தர வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் கருவூலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.