மாலை கழற்றிய மறுநாள்

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககம். பொங்கல் முடிந்த கையோடு லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். '21 நாள் நடைச் சவால். மூன்று வாரம் விடாமல் நடந்தால் போதும், பிறகு பழக்கம் உங்களை விடாது.' நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். மாசி பிறந்தபோது நடந்துகொண்டிருந்தவர்கள் ஆறு பேர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நின்றுபோன முப்பத்துநாலு பேரின் பெயர்களையும் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மேலே 'மன உறுதி போதாதவர்கள்' என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள். இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வீடு திரும்பும் செவிலியர் ஒருவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இந்த 21 நாள் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் மேடையில் சொல்கிறார், உடற்பயிற்சிக்கூடக்காரர் ஜனவரி விளம்பரத்தில் சொல்கிறார், பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொல்கிறார். எல்லோரும் 'அறிவியல் நிரூபித்திருக்கிறது' என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்த அறிவியலும் அப்படி நிரூபிக்கவில்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க முக அழகு அறுவை மருத்துவர் 1960இல் 'சைக்கோ சைபர்னெட்டிக்ஸ்' என்றொரு புத்தகம் எழுதினார். அறுவைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகம் நோயாளிக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்பது அவர் தம் அனுபவத்தில் கண்டது. புது மூக்குக்குப் பழகுவது பற்றிய குறிப்பு அது. விடியற்காலையில் எழுவது பற்றியதல்ல. அவர் போட்ட 'குறைந்தது' என்ற சொல், வாய்க்கு வாய் மாறியதில் உதிர்ந்துவிட்டது. எண் மட்டும் மிஞ்சியது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை நம்புவதுதான் பெரிய வியப்பு. கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போடும் சாமிகளைப் பார்க்காதவர் இங்கே யார்? விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். செருப்பில்லை, மீனில்லை, கறியில்லை, குடியில்லை, சிகரெட் இல்லை. பாயில் படுக்கை. 41 நாள், பலருக்கு 48 நாள். 48 நாள் கொண்ட ஒரு மண்டலம் என்பது மூன்று வாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்வது உண்மையென்றால், ஒரு தடவை மலைக்குப் போய்வந்தவர் ஆயுளுக்கும் விடியற்காலையில் குளிக்க வேண்டும், ஆயுளுக்கும் மதுக்கடைப் பக்கம் திரும்பக் கூடாது. அப்படி மாறியவர்களும் உண்டு, அவர்கள் வணங்கத்தக்கவர்கள். ஆனால் மாலையைக் கழற்றிய அந்த வாரமே பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனவர்கள் எத்தனை பேர் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பத்தாவது முறை, பதினெட்டாவது முறை மலை ஏறியவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். இவர்களையா மன உறுதி போதாதவர்கள் என்பது? வெறுங்காலோடு நீலிமலை ஏறியவருக்கா உறுதி இல்லை?

முறையாக அளந்து பார்த்தவர்களும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைத் தினமும் ஒரே சூழலில் ஒரே செயலை 12 வாரம் செய்யச் சொன்னார்கள். 2009இல் வெளிவந்த முடிவு இது: ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவும் இல்லை. ஒரு நாள் விட்டாலும் முதல் நாளிலிருந்து எண்ணச் சொல்லும் சவால்கள் இதை மறைத்துவிடுகின்றன. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உடற்பயிற்சிக்கூட வருகைப் பதிவுகளையும் மருத்துவமனை ஊழியர்கள் கை கழுவிய பதிவுகளையும் லட்சக்கணக்கில் அலசினார்கள். கை கழுவுவது படியச் சில வாரம், கூடத்துக்குப் போவது படியப் பல மாதம். எல்லோருக்கும் பொதுவான மந்திர எண் எதுவும் அதிலும் இல்லை.

மறுபடி மாலைக்கே வரவேண்டியிருக்கிறது. நாற்பத்தெட்டு நாள் அந்த மனிதரைத் தாங்கியது எது? கழுத்தில் துளசி மணி. கறுப்பு வேட்டியைக் கண்டதும் டீக்கடைக்காரர் 'சாமி' என்கிறார், பேருந்து நடத்துநர் 'சாமி' என்கிறார், மேலதிகாரியும் 'சாமி' என்கிறார். கூடக் குடிப்பவர்களே 'சாமி போயிட்டு வரட்டும்' என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். மாலையில் பஜனை, பக்கத்தில் குருசாமி. மாலை கழன்றதும் இத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. அவர் அதே ஆள்தான். அவரைச் சுற்றியிருந்த ஊர்தான் மாறிப்போகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவருக்கு முன்னால் எழுந்து குளித்து, பாத்திரத்தைத் தனியே துலக்கி, படையல் சமைத்தவர் அவருடைய மனைவியோ அம்மாவோ. விரதம் அவர் பெயரில், உழைப்பு இவர்களுடையது. காலைப் பழக்கங்களைப் புகழ்ந்து வரும் புத்தகங்கள் எதிலும் இந்தப் பெண்கள் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்யச் சொல்பவர்கள், அந்த நேரத்தில் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பவரைக் கண்ணால் பார்த்ததில்லை.

கெட்ட பழக்கமும் இப்படிச் சுற்றுப்புறத்தைப் பொறுத்ததுதான். வியட்நாம் போரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஹெராயினுக்கு அடிமையானதாகச் சொன்னார். 1971இல் ஊர் திரும்பியவர்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் தேடிப் போய் விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் ஆண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள்.

சர்க்கரை நோயாளியிடம் மருத்துவர் 'தினமும் நடங்க' என்கிறார். எங்கே நடப்பது? நடைபாதையில் மின்பெட்டி நிற்கிறது, இருசக்கர வண்டி நிற்கிறது, தோண்டிய பள்ளம் மூடாமல் கிடக்கிறது. நடக்க முடியாமல் திரும்பியவர் அடுத்த மாதம் 'எனக்கு வைராக்கியம் பத்தலை டாக்டர்' என்று தலைகுனிந்து உட்கார்கிறார். இந்தத் தலைகுனிவுதான் 21 நாள் கதை செய்யும் கேடு. சாலை போட வேண்டியவரையும் வேலை நேரத்தை முறைப்படுத்த வேண்டியவரையும் விட்டுவிட்டு, மூச்சு வாங்குகிற மனிதரையே அது குற்றவாளியாக்குகிறது. உடற்பயிற்சிக்கூடத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டி இரண்டு மாதத்தில் நின்றுபோனவரும் கூடத்தைக் குறை சொல்வதில்லை, தன்னையே திட்டிக்கொள்கிறார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வேறு வழியில் போனது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரையை வாங்க மருத்துவமனைக்கு வா என்று சொல்லாமல், வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தது. மூட்டு வலியோடு இரண்டு பேருந்து மாறவேண்டிய பாட்டியிடம் உறுதிமொழி யாரும் கேட்கவில்லை.

அந்த அடுக்ககத்தில் நடப்பதற்கு ஒரு சின்னப் பூங்கா உண்டு. அதன் கதவைக் காலை ஆறரைக்குத்தான் திறக்கிறார்கள். ஐந்தரைக்குத் திறந்தால் பள்ளி வேன் வருவதற்கு முன்னால் தாய்மார்களுக்கு அரை மணி கிடைக்கும். மாலையில் விளக்கு எரிந்தால் அந்தச் செவிலியர் பணிக்குக் கிளம்புமுன் நாலு சுற்று சுற்றலாம். இரண்டையும் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மின்கட்டணம் கூடும் என்றார்கள், காவலாளி கிடைக்கமாட்டார் என்றார்கள். முதலில் அந்தப் பெயர்ப் பட்டியலை நீக்கட்டும். அடுத்த தாளை ஒட்டும்போது பூங்கா திறக்கும் நேரத்தை மாற்றி எழுதி ஒட்டட்டும்.