ஐந்து நிமிடக் கண்டம்

மே மாதப் பிற்பகல். ஆர்.கே.புரத்தில் ஓர் அரசுக் குடியிருப்பு. கதவிடுக்கில் போர்வை திணித்த குளியலறைதான் இருட்டறை. மலை மந்திர் படிகளில் பாட்டியை எடுத்த கறுப்பு-வெள்ளை ஃபிலிமைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான் ஒரு கல்லூரி மாணவன். மேகமே இல்லாத வானம் நெகடிவில் திட்டுத்திட்டாக இருக்கிறது. பாட்டியின் முகத்திலும் ஒரு திட்டு. பாட்டியோ ஊருக்குத் திரும்பியாயிற்று.

பழி முதலில் டெவலப்பர் மீது விழும். கோடையில் குற்றவாளி பெரும்பாலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான்.

கழுவும் நேரம் பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிடப்படுகிறது. டெல்லிக் கோடையில் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். 20 டிகிரியில் எட்டு நிமிடம் கேட்கும் ஃபிலிமுக்கு 30-ல் நான்கு நிமிடம்கூட வேண்டாம். அவ்வளவு குறுகிய நேரத்தில், டெவலப்பரை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் சில விநாடிகளே பெரிய பங்காகிவிடும். முதலில் நனைந்த இடம் முந்திக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் சீராக வராது என்பது கோடாக் நிறுவனமே தரும் எச்சரிக்கை.

மற்றக் குறைகளும் நெகடிவிலேயே எழுதியிருக்கும். ஓரத் துளைகளுக்கு நேராகக் கோடுகள் என்றால் குலுக்கியது சரியில்லை. நீளவாக்கில் ஓர் ஓரம் மட்டும் வெளிறியிருந்தால் டெவலப்பர் அளவு குறைவு. ஒரு 35 மி.மீ. சுருளுக்குச் சாதாரண பிளாஸ்டிக் டாங்கில் சுமார் 300 மி.லி. வேண்டும். வெளிறிய வட்டப் புள்ளிகள், ஊற்றியதும் டாங்கைத் தட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டாததன் பலன். ஃபிலிம் பால்போல் மங்கியிருந்தால் ஹைப்போ போதவில்லை. இந்த ஒன்றைத்தான் மறுபடி ஹைப்போவில் போட்டுச் சரிசெய்ய முடியும்.

பரிகாரம் எளிது. ஒரு பேசினில் ஐஸ் போட்டு, டெவலப்பர், ஹைப்போ பாட்டில்களை அதில் நிறுத்தலாம். ஐஸை டெவலப்பரிலேயே போட்டால் கலவை நீர்த்துவிடும். கழுவும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்கட்டும். டி-76 போன்ற டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்தால் நேரம் நீளும். அதற்கான அட்டவணைப்படி கழுவ வேண்டும். முதல் அரை நிமிடம் விடாமல் கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு நிமிடத்துக்குப் பத்து விநாடி மட்டும் அப்படிச் செய்தால் போதும்.

எடுத்து முடித்த ஃபிலிம் டப்பாவில் சில வாரம்கூடக் காத்திருக்கும். ஐஸ் வாங்கிவரும் அரை மணி நேரத்தில் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.