வீட்டுக்குள் ஒரு குருக்ஷேத்திரம்

தருமபுத்திரரைப் பின்தொடர்ந்து மலையேறிய நாய் ஒன்றே ஒன்றுதான். இரண்டு சென்றிருந்தால் அந்த யாத்திரை எங்கே போய் முடிந்திருக்குமோ, யார் கண்டார்கள்!

நெய்வேலிக் குடியிருப்புகளில் பலவற்றைச் சுற்றித் தோட்டமும் மரங்களும் உண்டு. இடம் இருந்தால் ஒரு நாய் வருகிறது. அதற்குத் துணையாகத் தெருவிலிருந்து மற்றொன்று தானே வந்து சேர்கிறது. எங்கள் வட்டத்தில் ஒரு கோம்பையும், மழையில் அடைக்கலம் புகுந்த ஒரு தெருநாயும் வளரும் வீடு ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இரவு ஷிப்டு முடிந்து அவர் வாசலில் வந்து இறங்கும் வேளையில்தான் யுத்தம் மூளும். சென்ற மாதம் அவர் மனைவியார், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து விலக்கப் போய், உள்ளங்கையில் ஆழமாகக் கடிபட்டார். கடித்தது எது என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் அந்த அம்மாளிடம் உயிரையே வைத்திருப்பவை.

"யார் பெரியவன் என்று அவையே தீர்த்துக் கொள்ளட்டும், விட்டுவிடுங்கள்" என்று அண்டை வீட்டார் யோசனை கூறினார்கள். இந்த யோசனைக்கு ஒரு சரித்திரம் உண்டு. கூண்டில் அடைபட்ட ஓநாய்களை ஆராய்ந்து ருடால்ப் ஷெங்கல் என்பவர் 1947-ல் எழுதினார். அமெரிக்கரான டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. காட்டிலே திரியும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த பிறகு, கூட்டம் என்பது தாய் தகப்பன் பிள்ளைகள் அடங்கிய குடும்பமேயன்றிப் பதவிப் போட்டி அன்று என்று அதே மெக் 1999-ல் திருத்தி எழுதினார். சிறைப்பட்டவனைப் பார்த்துச் சுதந்திர ஜீவனின் குணத்தை நிர்ணயிப்பதில் உள்ள பிசகை நம் தேசத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை!

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் சோற்றுத் தட்டு, எலும்பு, குறுகலான வாசற்படி, எஜமானரின் கை இவைதான். வெளியே அந்நிய நாய் போனால், அதை எட்ட முடியாத ஆத்திரம் பக்கத்தில் நிற்கும் தோழன்மேல் பாய்வதும் உண்டு. ஆகவே கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறைப்பது நலம். சோற்றைத் தனித்தனி அறையில் கதவடைத்து வைத்து, தின்றானதும் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். எஜமானர் வரும் நேரத்தில் ஒன்று உள்ளே இருக்கட்டும். நேற்றுவரை சாதுவாயிருந்தது திடீரெனச் சீறினால், காதிலோ மூட்டிலோ வலி இருக்கக் கூடும்; கால்நடை மருத்துவரிடம் காட்டுக. இரண்டு பெண் நாய்களுக்குள் பகை முற்றிவிட்டால், ஒன்றை வேறு நல்ல வீட்டுக்கு அனுப்புவதே சில சமயம் கருணை.

சண்டை மூண்டபின் கையை மாத்திரம் நடுவே நீட்டலாகாது. வாளித் தண்ணீரை வீசலாம். பலகையையோ நாற்காலியையோ இடையில் தள்ளலாம். கடிபட்டுவிட்டால், வளர்த்த நாய்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.