கோடை விடுமுறையும் கால அட்டவணையும்

மேனிலைப் பள்ளியின் முதலாண்டுத் தேர்வு முடிந்தவுடன், மருத்துவராக விரும்பும் மாணவர் பலர் செய்யும் முதற்காரியம் ஒன்று உண்டு. பெரிய வெள்ளைத்தாள் ஒன்றை வாங்கி, அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, கட்டங்கள் அமைத்து, விடுமுறைக்கான கால அட்டவணையை எழுதுவர். இயற்பியலுக்கு ஒரு வண்ணம். வேதியியலுக்கு ஒரு வண்ணம். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் வேறு வேறு வண்ணங்கள். காலை நான்கு மணிக்குத் துயிலெழுதல் தொடங்கி, இரவு பதினொரு மணிக்குப் படுத்தல் வரையில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டளை அதில் இருக்கும். உண்பதற்கு அரைமணி, இளைப்பாறக் கால்மணி. அத்தாள் சுவரில் ஏறும். வீட்டார் பார்த்து மகிழ்வர். முதல் நாள் எல்லாம் அட்டவணைப்படி நடக்கும். இரண்டாம் நாள் சிறிது பிறழும். மூன்றாம் நாள் உறவினர் வருவர். அல்லது மின்சாரம் நின்றுபோகும். அல்லது ஒரே ஒரு கணக்கு இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஒரு வாரம் கழிந்த பின்னும் தாள் சுவரில் இருக்கும். மாணவர்தாம் அப்பக்கம் பார்ப்பதைத் தவிர்ப்பர்.

இதனைச் சோம்பல் என்று பெரியோர் கடிவதுண்டு. அது நேரிய தீர்ப்பு அன்று. பெரும்பாலான வீடுகளில் குற்றம் மாணவரிடத்தில் இல்லை, அத்தாளிடத்தில் இருக்கிறது. ஒரு கட்டமேனும் வெறுமையாக விடப்படாத அட்டவணை, பார்வைக்கு உழைப்பின் வடிவமாகத் தோன்றினும், உண்மையில் நிறைவேற இயலாத ஆசையின் வடிவமே ஆகும்.

மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான வழி தமிழ்நாட்டில் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1984 முதல் மாநில அரசின் நுழைவுத்தேர்வு நடைபெற்றது. 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பெற்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவாயிற்று. 2017 முதல் நாடு முழுமைக்கும் பொதுவான ‘நீட்’ தேர்வு அளவாக உள்ளது. இத்தேர்வு வேண்டும், வேண்டா என்னும் வழக்கு ஒருபுறம் நடந்துகொண்டே இருக்கிறது. வழக்கு முடியும்வரை இவ்வாண்டு மாணவர் காத்திருக்க இயலாதாகலின், அவர் தம் கோடையைத் திட்டமிட்டே ஆகவேண்டும்.

2025-ஆம் ஆண்டுத் தேர்வில் கேட்கப்பட்ட வினாக்கள் 180. தரப்பட்ட நேரம் 180 நிமிடம். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஆக மொத்தம் 720. இரண்டாண்டுப் பாடங்களும் இதில் அடங்கும். இவ்வளவையும் ஒரு கோடையில் முடித்துவிட வேண்டும் என்னும் பதற்றத்திலிருந்தே நிரம்பி வழியும் அட்டவணை பிறக்கிறது.

மனிதர் தம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவர் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. உளவியல் அறிஞர் மூவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பட்டப் படிப்பின் இறுதியில் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவரை நோக்கி, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று வினவினர். அவர்கள் கூறிய விடைகளின் சராசரி ஏறத்தாழ 34 நாள். உண்மையில் ஆன காலத்தின் சராசரி 55 நாளுக்கும் மேல். எல்லாம் தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கையும் உண்மைக் காலம் கடந்துவிட்டது! அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நன்கு படிக்கும் மாணவர்களே. தடை எதுவும் வாராது என்று எண்ணித் திட்டமிடுவது மனத்தின் இயல்பு, அவ்வளவுதான்.

இக்கணக்கைப் பதினோராம் வகுப்பு இயற்பியலோடு பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்குப் பதினோரு அலகுகள். ஓர் அலகுக்கு இரண்டு நாள் போதும் என்று மாணவர் எண்ணுகிறார் எனக் கொண்டால், 22 நாளில் இயற்பியல் முடியவேண்டும். ஆனால், மேலே கண்ட விகிதப்படி நாள்கள் நீளுமானால், 36 நாள் ஆகிவிடும். விடுமுறை ஆறு வாரம் என்றும், வாரத்தில் ஆறு நாள் படிப்பு என்றும் வைத்தால், மொத்தம் உள்ளவையே 36 நாள்கள். இயற்பியல் ஒன்றே கோடை முழுவதையும் உண்டுவிடும். வேதியியல் எங்கே? மதிப்பெண்ணில் சரிபாதியைத் தாங்கும் உயிரியல் எங்கே?

ஆகவே, கோடைத் திட்டத்தின் முதல் வேலை சேர்ப்பதன்று, விலக்குவது. எதைப் படிப்பது என்பதைக் காட்டிலும், எதை இப்போது படிக்காமல் விடுவது என்று துணிதல் அரிது. அத்துணிவுக்கு ஆதாரம் வேண்டும். நோயை ஆராயாமல் மருந்து கொடுப்பவரை எவரும் மருத்துவர் என்று மதிப்பதில்லை. மருத்துவராக விரும்புவோரும் தம் படிப்பின் நோயை முதலில் ஆராய்ந்துகொள்வதே முறை. விடுமுறையின் முதல் வாரத்தில், முந்திய ஆண்டு வினாத்தாள் ஒன்றிலுள்ள பதினோராம் வகுப்பு வினாக்களுக்கு மட்டும், நூலைப் பாராமல் விடையெழுதிப் பார்த்தால் போதும். பிழைகள் தாமே வகைப்படும். சில, பாடத்தைப் படிக்காமையால் வந்தவை. சில, படித்தும் மறந்தமையால் வந்தவை. வேறு சில, நன்கு தெரிந்திருந்தும் வினாவை விரைந்து படித்தமையால் வந்தவை. மூன்றாம் வகைப் பிழைக்கு மீண்டும் பாடத்தைப் படிப்பது மருந்தாகாது. ஆயினும் பெரும்பாலோர் மூன்று நோய்க்கும் ஒரே மருந்தைத்தான் உட்கொள்கின்றனர்.

இருவகைப் பாடங்களுக்குக் கோடையில் முதலிடம் தருதல் தகும். அடுத்த ஆண்டுப் பாடத்திற்கு அடிப்படையாக அமைவன ஒருவகை. வேதியியலில் மோல் கணக்கீடு தெளியாதவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் வரும் மின்வேதியியல் சுமையாகும்; இயற்பியலில் வெக்டர்களைக் கையாளத் தெரியாதவர் மின்புலம், காந்தப்புலம் ஆகிய பாடங்களில் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுவர். மற்றொரு வகை, அடுத்த ஆண்டில் திரும்ப வாராதவை. செரித்தல், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம் என மனித உடலின் இயக்கங்கள் பலவும் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இனப்பெருக்கமும் மரபியலும் சூழலியலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் மீண்டும் பேசப்படாத பாடமே விரைவில் மறக்கப்படும். தேர்வோ அதை மறப்பதில்லை.

மறதியைப் பற்றி இங்குச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். செர்மானிய அறிஞர் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒருநாள் கழித்து அவற்றையே மீண்டும் கற்றபோது, முதல்முறை செலவான உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவருக்கு மிச்சமாயிற்று. ஒரு திங்கள் கழிந்த பின்னரோ ஐந்தில் ஒரு பங்கு. மறதி முதல் நாளில் வெள்ளமாகப் பாய்ந்து, பின்னர் மெல்லக் கசிகிறது என்பது இதனால் விளங்கும். பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறவாது எனினும், மறதியின் போக்கு அதுவே. எனவே, ஒரு பாடத்தை ஒரே நாளில் எட்டு மணி நேரம் படித்து ‘முடித்துவிட்டேன்’ என்று கட்டத்தில் குறியிடுவதைவிட, அவ்வெட்டு மணி நேரத்தை அன்றும் மறுநாளும் அடுத்த வாரமும் அடுத்த திங்களுமாகப் பிரித்துக் கொள்வது பயன் மிகுவது. கோடை அட்டவணைகளில் புதுப்பாடத்திற்குக் கட்டம் உண்டு. பழம்பாடத்திற்குத் திரும்பிச் செல்லும் கட்டத்தைத்தான் காணமுடிவதில்லை.

திரும்பிச் செல்லுதல் என்றால் மீண்டும் வாசித்தல் என்று பொருளன்று. அமெரிக்க உளவியலார் இரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மாணவரில் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளையும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை படித்து, எஞ்சிய மூன்று வேளையும் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு வேளை படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர் நினைவில் நின்றது நூற்றுக்கு 40. எழுதிப் பார்த்தவர் நினைவில் நின்றது நூற்றுக்கு 61. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவது இனிய மயக்கம். நூலை மூடிவிட்டு, வெறுந்தாளில் இதயத்தை வரைந்து, வலது ஆரிக்கிளில் புகுந்த இரத்தம் எவ்வழியே சென்று பெருந்தமனியை அடைகிறது என்று எழுதிப் பார்க்கும்போதுதான் மயக்கம் கலையும். ஆக்சிசன் குறைந்த இரத்தத்தைச் சுமக்கும் குழாய்க்குத் தமனி என்று ஏன் பெயர் வந்தது என்னும் ஐயமும் அப்போதுதான் எழும். அந்த ஐயம் தோன்றிய கால்மணி, வண்ணக்கோல் கொண்டு பக்கமெல்லாம் கோடிட்ட மூன்று மணிக்கு மேலானது.

பதினான்கு மணி நேரம் படித்தவரே வெல்வர் என்போர் உளர். நெடுநேரம் உழைத்து வென்றவர் இருப்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால், அந்த நேரத்தைத் துயிலிலிருந்து கடன் வாங்குவது ஏற்புடையதன்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரு மாணவரைக் கொண்டு செய்த சோதனையொன்று 1924-இல் வெளிவந்தது. கற்றபின் விழித்திருந்த நேரத்தைவிட, கற்றபின் உறங்கிய நேரத்தில் மறதி மிகக் குறைவாக இருந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவும் உறக்கம் நினைவுக்குத் துணை என்றே காட்டுகின்றன. இராக்கண் விழித்துப் படிப்பவர், பகலில் சேர்த்ததை இரவில் சிந்திவிடுகிறார்.

தமிழ்நாட்டுக் கோடையையும் அட்டவணை மதிக்கவேண்டும். கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டிலோ தகரக் கூரையின் கீழோ அமர்ந்து நண்பகலில் கணக்குப் போடுதல் எளிதன்று. கடினமான பாடத்திற்கு வைகறை ஏற்றது; நண்பகலுக்குப் படம் வரைதல், குறிப்பெழுதுதல் போன்ற இலேசான வேலை போதும். எனினும் ஒன்றைக் கருதவேண்டும். 2024-இலும் 2025-இலும் இத்தேர்வு மே திங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்கிற்று. நாள்தோறும் அந்நேரத்தில் உறங்கிப் பழகியவரின் உடல், தேர்வு நாளிலும் உறக்கத்தையே நாடும். வாரத்தில் ஒரு நாளேனும் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எழுந்து செல்லாமல் அமர்ந்து விடையெழுதிப் பழகுதல் நலம்.

எல்லா மாணவருக்கும் விடுமுறை ஒரே அளவினதன்று. பயிற்சி நிலையத்திற்குப் பெரும்பொருள் கட்டி, விடுதியில் தங்கிப் படிப்பவர் ஒருவர். தாயும் தந்தையும் வயல்வேலைக்குச் சென்றுவிட, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, தம்பியைப் பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவி மற்றொருவர். அரசுப் பள்ளிகளில் பயின்று இத்தேர்வில் தகுதி பெற்றோர்க்கு 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாடு அரசு 2020-இல் ஒதுக்கியது இவ்வேறுபாட்டை உணர்ந்தே ஆகும். அம்மாணவிக்கு ஒருநாளில் கிடைப்பது நான்கு மணி நேரம் என்றால், அவருடைய அட்டவணையில் நான்கு மணி நேரமே இருக்கவேண்டும். பிறர் அட்டவணையைப் பார்த்துப் பத்து மணி நேரம் எழுதிக்கொண்டால், நான்கு மணி நேரம் ஊன்றிப் படித்த நாளிலும் ஆறு மணி நேரம் தோற்றதாகவே அவருக்குத் தோன்றும். படித்தவரைத் தோற்றவராக்கும் தாள் எதற்கு?

பெற்றோர் அறியவேண்டிய கணக்கும் ஒன்றுண்டு. 2024-இல் இத்தேர்வை எழுதியோர் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நாட்டில் இருந்த இடங்களோ ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்தவை. நன்கு படித்தும் இடம் பெறாதோர் பல்லாயிரவர் இருந்தே தீர்வர். அவர்கள் அனைவரும் அட்டவணையை மீறியவர் அல்லர். கோடையில் ஒரு மாலை பந்தாடப் போனதைத் தேர்வு முடிவு வந்த நாளில் நினைவூட்டிப் புண்படுத்தும் வீடுகள் உள்ளன. மாலையில் ஒரு மணி நேரம் ஆடுதலையும் பேசுதலையும் அட்டவணையிலேயே எழுதிவிட்டால், அது களவாகாது. ஆடி வந்தவரும் குற்றவுணர்வின்றி நூலைத் திறப்பர்.

எஞ்சியது விடுமுறையின் கடைசி வாரம். அதற்கு எந்தப் பாடத்தையும் ஒதுக்காமல், கட்டங்களை வெறுமையாக விட்டுவைப்பது நன்று. திருமணங்களும் காய்ச்சலும் மின்தடையும் விழுங்கிய நாள்களின் பாக்கி அந்த வாரத்திற்கு வந்து சேரும். முதல் வாரத்தில் பிழை செய்த வினாக்களை அதே வரிசையில் மறுபடியும் எழுதிப் பார்க்கவும் இடம் இருக்கும். பழைய விடைத்தாளையும் புதிய விடைத்தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பள்ளி திறக்கும் நாளில் எந்த ஆசிரியரிடம் எந்த ஐயத்தைக் கேட்கவேண்டும் என்பது மாணவர்க்குத் தெரிந்துவிடும்.